மாமாங்கம் தின்ற மீன்

நெடுஞ்சாலைக்கு வடக்கே, ஒரு கார் தரிப்பிடத்துக்குப் பின்னால், கொங்கிறீற் குழாய் ஒன்றிலிருந்து ஹைலண்ட் கிறீக் என்ற சிற்றாறு வெளியே வருகிறது. அதைப் போய் ஓர் ஆற்றின் பிறப்பிடம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாமாங்கம் சொல்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் மனுசன் குலசிங்கத்தையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், அந்தக் குழாயின் முன்னால் நிறுத்தி, "இஞ்சதான் அக்கா இது பிறக்குது" என்று கை காட்டினான். தண்ணீரில் ஒரு கோப்பிக் கோப்பையின் மூடி மிதந்து வந்தது. அவனோ கோயில் வாசலில் நிற்பவனைப் போல நின்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து. நாங்கள் ஒன்ராறியோ ஏரிக்குக் கிட்ட, வோபர்ன் என்ற இடத்தில், மார்க்கம் ரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். நானும் குலசிங்கமும் யாழ்ப்பாணம். எண்பத்துமூன்று கலவரத்தோடு கொழும்பை விட்டு ஓடி வந்தவர்கள். பக்கத்துக் கதவில் மட்டக்களப்பு நாவலடியைச் சேர்ந்த இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவன் இராசதுரை. அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன் அவனுடைய தம்பி மாமாங்கம்.

தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை. தகப்பன்மார் அண்ணன் தம்பி, தாய்மார் அக்கா தங்கை. இராசதுரை சின்னப் பையனாக இருந்தபோதே அவனுடைய தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிறகு அவனையும் சேர்த்து வளர்த்தவர் மாமாங்கத்தின் தகப்பன் வீரக்குட்டியர். இதை நான் முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. போகப்போக நான் இராசதுரையைத் திட்டப்போகிறேன். அவனும் அந்த மனிதரின் கையால் சோறு தின்று வளர்ந்தவன் என்பதை அப்போது நீங்கள் மறந்துவிடக்கூடாது. நான் மறந்துவிடுவேன்.

நாங்கள் நாலு பேரும் ஒரே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தோம். வேலை இல்லாத நாளில் மற்ற ஆண்கள் சீட்டு விளையாடுவார்கள், வீடியோக் கடையில் படம் எடுத்து வந்து பார்ப்பார்கள். மாமாங்கம் ஆற்றுக்குப் போவான். எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் பள்ளத்தில் இறங்கினால் அதுதான் ஆறு. அவன் அங்கே போனது பொழுதுபோக்குக்காக அல்ல. தகப்பன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போனான்.

வீரக்குட்டியருக்கு எழுத்து வாசிப்பு ஒத்துவராது. ஆகவே மகன் கசற்றில் பேசி அனுப்புவான். அவரும் ஊரிலே யாருடையதாவது ரேப்பைப் பிடித்துப் பேசி அனுப்புவார். கசற் வந்தால் மாமாங்கம் எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்து போட்டுக் காட்டுவான். முதல் கசற்றில் அந்த மனிதர் இருமி, தொண்டையைச் செருமி, மகனின் சுகத்தைக்கூட விசாரிக்காமல் தொடங்கினார்: "மனே, ஆறு ஒண்டு இரிக்கி எண்டு சொல்லுறாய். அதுக்கு வாய் அடைபடுமா? மழைக்கு வெட்டி விடுவாங்களா? என்ன மீன் ஏறும்? மறுகா எல்லாத்தையும் விசாரிச்சுச் சொல்லு."

நாவலடி என்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல். வாவியின் வாயை மணல் மூடினால் மழைக்காலத்தில் வெள்ளம் வரும், வெட்டிவிட வேண்டும். அப்படிப்பட்ட இடத்து மனிதருக்கு ஆறு என்றால் முதலில் அதன் வாய்தான். மகனும் அங்கிருந்துதான் தொடங்கினான். ஏரியிலிருந்து மேல்நோக்கி, கிழமைக்கு ஒரு துண்டாக, அந்த ஆற்றை நடந்தே முடித்தான். காலையில் தொடங்கினால் பொழுதுபடுவதற்குள் முடிந்துவிடும் ஆறு அது. மேலே கொங்கிறீற் சுவர்களுக்குள் ஒடுங்கி வரும், ரோட்டுகளுக்கு அடியில் ஒளிந்து வரும், அங்குமிங்குமாகக் கிளைகள் வந்து சேரும். வோபர்னைத் தாண்டி மோர்னிங்சைட் பார்க்கில்தான் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நிம்மதியாக ஓடும். அதற்குக் கீழே அகன்று, நாணல் சதுப்பைச் சுற்றி, ரயில் பாலத்துக்கு அடியால் போய் ஒன்ராறியோ ஏரியில் விழும்.

சித்திரை வருடப்பிறப்புக்குக் கிட்ட, பனி உருகித் தண்ணீர் கலங்கி ஓடும்போது சக்கர் என்ற மீன் ஏறும். வாய் அடிப்பக்கமாக இருக்கும். தரையைச் சப்பிக்கொண்டே போகும். அதோடு ரவுட் என்ற மீனும் வரும். கோடையில் விரல் நீளத்துச் சின்ன மீன்கள் கல்லுக்குக் கல் பாயும். சதுப்பில் காப் மீன்கள் எருமைபோலப் புரண்டு சேறு கிளப்பும். மழை பெய்தால் அரை மணித்தியாலத்தில் ஆறு தலைகால் தெரியாமல் பெருகும். ஊர் முழுவதும் கூரையும் தாருமாக இருந்தால் தண்ணீர் வேறெங்கே போகும்? கோடை முடியும்போது வாயிலே சரளைத் திட்டு வளர்ந்து, ஆறு ஒரு முழ அகலத்துக்கு ஒடுங்கிவிடும். அப்போதுதான் ஏரியில் சமன் மீன்கள் வந்து காத்துக்கிடக்கும். புரட்டாதியில் ஒரு நல்ல மழை பெய்து திட்டை உடைத்ததும் அடித்துப் புரண்டு ஏறும்.

இதையெல்லாம் எண்பத்தைந்து இலையுதிர் காலத்தில் மாமாங்கம் கசற்றில் சொல்லி அனுப்பினான். இந்தச் சமன் இந்த ஏரியின் மீன் இல்லை, மேற்குக் கடலிலிருந்து கொண்டுவந்து விட்டது, ஏரியிலே சில வருடம் வளர்ந்து, ஆற்றில் ஏறி, முட்டையிட்டுச் சாகும், ஏறத் தொடங்கினால் தின்னாது என்று கரையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவன் ஒருவன் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான்.

பதில் அடுத்த சித்திரையில் வந்தது. வீரக்குட்டியருக்கு நம்பிக்கை வரவில்லை. "ரின்னுக்குள்ள வாற சமன் ஆத்துக்குள்ள எப்பிடி வந்தது? பொய் சொல்லாத மனே. தின்னாம ஏறுமாம்! அப்ப தூண்டில ஏன் கடிக்கி? வெள்ளைக்காரன் சொன்னான் எண்டு நம்பாத. ஒண்டப் பிடிச்சி வகுத்தப் பிளந்து பாரு. மறுகா எனக்கிச் சொல்லு."

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இராசதுரை ரேப்பைத் திரும்பச் சுற்றி இன்னொருமுறை போட்டான். அவனுக்குச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்த வருடம் புரட்டாதி மழைக்கு அடுத்த நாள், ஒரு சமனைக் கறுத்தக் குப்பைப் பையில் சுற்றி, பஸ்ஸிலே மடியில் வைத்துக்கொண்டு வந்தான் மாமாங்கம். வாய்க்கு வெளியே, ஏரிக்கரையில் நின்று தூண்டிலில் பிடித்தது. இன்னும் வெள்ளிப்பட்டு இருந்தது. மேலே ஏறிக் கறுத்துப்போன மீனை அவன் தொடமாட்டான். அதன் சதை வெளிறிச் சோர்ந்து இருக்கும், சட்டியில் போட்டால் பஞ்சு. பஸ்காரன் பையைப் பார்த்த பார்வையை அவன் நடித்துக் காட்டினான். தங்கள் குசினியில் அவ்வளவு பெரிய சட்டி இல்லாதபடியால் மீன் என் குசினிக்கு வந்தது. என்னை அவன் கத்தியை எடுக்க விடவில்லை. தானே வயிற்றைப் பிளந்து, குடலை விரல்களால் வழித்துப் பார்த்தான். குடலுக்குள் இரை ஒன்றுமே இல்லை.

"வெறும் வகுறு!" என்று கத்தினான். "அண்ணே, வந்து பாருங்க! கிழவன் சொன்னது உண்மை. அப்பாக்கிச் சொல்லோணும்!"

கதவோரம் நின்ற இராசதுரை எட்டிப் பார்த்தான். "ஓம்" என்றான். வெளியே போய்விட்டான்.

அன்று நான் மீனைத் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தேன், சினையைப் பொரித்தேன். மாமாங்கம் மூன்று தரம் போட்டுத் தின்றான். தலையை உடைத்து உறிஞ்சினான். இராசதுரை வயிற்றுக்குள் சரியில்லை என்று பருப்பும் தயிரும் விட்டுச் சாப்பிட்டான். அடுத்த கிழமை அடுத்த மீன். அப்போதும் அவனுக்கு வயிறு சரியில்லை. அதற்கடுத்த கிழமை பல்வலி. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்துக் குழம்பு மட்டக்களப்பு நாக்குக்குப் பிடிக்காவிட்டால் நேரே சொல்லவேண்டியதுதானே?

"உவனுக்கு என்ர சமையல் நாறுதாமோ?" என்று குலசிங்கத்திடம் கேட்டேன்.

"விடுமப்பா. ஆள் தாடியும் வளத்துக்கொண்டு திரியிறான். காதல் கீதல் ஏதும் தோல்வியோ தெரியாது" என்றார் என் மனுசன். அவருடைய மூளை அந்த அளவுதான். என்னுடையதும் அதைவிடப் பெரிதாக வேலை செய்யவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். இராசதுரை தம்பியிடம், ஆறு தடையில்லாமல் நேரே ஏரிக்குள் போகிற இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டானாம். தன் தகப்பனுக்குத் திவசம் வருகிறது, தண்ணீரில் விட வேண்டும் என்றானாம். மாமாங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. அவனுடைய ஆற்றை ஒருவன் மதித்துக் கேட்கிறானே. ரயில் பாலத்துக்குக் கீழே, திட்டு உடைந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இராசதுரை பூவும் சோறும் வாழையிலையில் வைத்துத் தண்ணீரில் விட்டான். இலை கரையோரம் ஒரு கல்லில் தங்கிவிட்டது. மாமாங்கம் தன் தூண்டில் தடியால் அதைத் தள்ளி நீரோட்டத்தில் சேர்த்துவிட்டான். இதை அன்று மாலை அவனே வந்து என்னிடம் சொன்னான்.

அடுத்த நாள் இராசதுரை தாடியை வழித்துக்கொண்டு வந்து என் மீன்குழம்பில் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றான். "கைப்பக்குவம் எண்டா இதுதான் அக்கா" என்றான். நான் குளிர்ந்துபோய் மூன்றாவது துண்டையும் போட்டேன்.

மாமாங்கம் வெறும் வயிற்றின் கதையைக் கசற்றில் பேசி அனுப்பினான். பதில் வரவில்லை. பனிக்காலம் போய், சக்கர் ஏறி, ரவுட் ஏறி, கோடையும் வந்தது. ஊரிலே சண்டை, தபால் ஒழுங்காகப் போகாது என்றான் இராசதுரை. அதை யார் மறுக்க முடியும்? எல்லோருடைய வீட்டுத் தபாலும் அப்படித்தான் இருந்தது. மாமாங்கம் இன்னொரு கசற் பேசி அனுப்பினான். பிறகு இன்னொன்று.

எண்பத்தேழு ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாதவர்கள் விரதமிருந்து தீர்த்தமாடும் நாள். மட்டக்களப்பார் ஊரில் மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தில் இறங்குவார்கள். இங்கே அந்தக் குளத்துக்கு எங்கே போவது? தெய்வநாயகி அன்ரி என்று அவர்களில் ஒரு வயதான மனுசி, ஒரு ஓடுகிற தண்ணீராவது வேண்டும் என்று நின்றா. வழி தெரிந்தவன் ஒருவன்தான். மாமாங்கம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான். எனக்கும் தகப்பன் இல்லை, நானும் போனேன்.

பதினைந்து பேர் இருப்போம். எங்கே கல் வழுக்கும், எங்கே ஆழம் என்று சொல்லி, ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிவிட்டான். அவனுக்குத் தகப்பன் உயிரோடு இருக்கிறார். ஆகவே அவன் இறங்கவில்லை. எங்கள் செருப்புகளையும் துவாய்களையும் காவல் காத்துக்கொண்டு கரையில் நின்றான். காலையிலே மீன் தின்றுவிட்டு வந்ததாகச் சொல்லி, பசியோடு நின்ற எங்களைப் பகிடி வேறு பண்ணினான்.

அந்தக் கூட்டத்தில் அன்புராசா என்று ஒருவன் இருந்தான். நாவலடிதான். ஊரைவிட்டு வந்து இரண்டு மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. யாரோ ஒருவரின் காரில் பிறம்ரனிலிருந்து வந்திருந்தான். தண்ணீரில் நின்றபடி திரும்பிப் பார்த்தான்.

"மாமாங்கம், நீ ஏன் கரையில நிக்காய்? இறங்கன்."

"எனக்கி அப்பா இரிக்கார்தானே" என்றான் மாமாங்கம் சிரித்துக்கொண்டு.

அன்புராசா விளங்காமல் முழித்தான். "என்னடா சொல்லுறாய்? வீரக்குட்டியரின்ட பாடைய நானுந்தானே தூக்கினன்."

எனக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீரில், கையில் எள்ளோடு, இராசதுரை நின்றான். மாமாங்கம் அன்புராசாவைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தான். இராசதுரையின் கையிலிருந்து எள் தண்ணீரில் கொட்டியது. அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வேறு பதில் தேவைப்படவில்லை.

மாமாங்கம் கையிலிருந்த துவாய்களைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான். சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி வந்தான்.

"எப்ப?" என்று அண்ணனிடம் கேட்டான்.

"போன புரட்டாதி."

"மீன் ஏறக்குள்ளயா?"

"ஓம்."

"கொள்ளி ஆர் வச்ச?"

"உன்ட அக்காட மகன்."

நான் அந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். வயிற்றுவலி, பல்வலி, தாடி, தன் தகப்பனுக்கு என்று சொல்லி வீரக்குட்டியருக்காக விட்ட வாழையிலை. அவன் என் குழம்பைப் புகழ்ந்த அன்று அவனுக்குத் துடக்குக் கழிந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. செத்த வீட்டுத் துடக்கு, அந்த ஒரு மாதத் தீட்டு, முடியும்வரை எங்கள் சனம் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடாது. அவன் தன் வாயைக் காப்பாற்றிக்கொண்டு, பெற்ற மகன் மீன்தலையை உறிஞ்சுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான். அதைச் சமைத்துக் கொடுத்தவள் நான்.

இராசதுரை பேசத் தொடங்கினான். லண்டனிலிருந்து ஒரு சொந்தக்காரர் தொழிற்சாலைக்குப் போன் எடுத்துச் சொன்னாராம். சித்தி, அதாவது மாமாங்கத்தின் தாய்தான், மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்றாவாம். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, கேள்விப்பட்டால் ஓடிவந்துவிடுவான், வந்தால் ரோட்டிலேயே ஆமி பிடித்துக்கொண்டு போய்விடும் என்று அழுதாவாம். "உன்னையும் பறிகுடுக்கச் சொல்லுறியா? சித்தப்பா எனக்கும் அப்பாதான்டா. நான் தனியக் கிடந்து அழுதன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருப்பேன்.

மாமாங்கம் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு சொன்னான்: "நான் போயிரிக்க மாட்டன் அண்ணே. எனக்கும் உயிரில ஆசதான். ஆனா மீன் திண்டிரிக்க மாட்டன்."

இராசதுரை கையில் ஒட்டியிருந்த எள்ளைத் தண்ணீரில் கழுவினான்.

"கையால ஒருக்காத் தட்டி விட்டிருக்கலாமே. 'தின்னாத' எண்டு ஒரு சொல்லு. ஏன் எண்டு நான் கேட்டிருக்கவும் மாட்டன். நீங்க சொன்னா நான் எதத்தான் ஏன் எண்டு கேட்டிரிக்கன்?"

தெய்வநாயகி அன்ரி அழுதுகொண்டே வந்து அவனுடைய தோளைப் பிடித்து, தலை முழுகச் சொன்னா. அவன் முழுகினான். எழும்பி வந்தபோது இராசதுரை தன் துவாயை நீட்டினான். அதை வாங்காமல், ஈரத்தோடு ரோட்டுக்கு ஏறிப் போனான். நாங்கள் எல்லோரும் எங்கள் செருப்புகளை நாங்களே தேடி எடுத்தோம்.

அந்த மாதமே இடம் மாறிப் போனான். இரண்டு கட்டிடம் தள்ளி, வேறு நாலு பேரோடு ஓர் அறை. தொழிற்சாலையில் அண்ணனும் தம்பியும் ஒரே நேரம் வேலை செய்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. நான் சமாதானம் பேசப் போனேன். "அவன் உன்ரை நன்மைக்குத்தானே..." என்று தொடங்கியதும், "அக்கா, அந்த இலைய நான் தடியால தள்ளினன்" என்றான். நான் திரும்பி வந்தேன்.

இலையுதிர் காலத்தில் சமன் ஏறியது. ஆற்றங்கரையில் அவனைக் கண்டதாகச் சொன்னார்கள். கையில் தூண்டில் இல்லையாம். கறுத்துப்போய், முதுகுத் தோல் உரிந்து, வெறும் வயிற்றோடு கல்லில் மோதிக் கல்லில் மோதி ஏறும் மீன்களைப் பார்த்தபடி நிற்பானாம். கசற் பேசுவதை விட்டுவிட்டான்.

எண்பத்தெட்டு சித்திரையில், விடியற்காலை என் வீட்டுப் போன் அடித்தது. மாமாங்கத்தின் அக்கா பாலேஸ்வரி, மட்டக்களப்பு ரவுணிலிருந்து பேசினா. பெரியம்மா, அதாவது இராசதுரையின் தாய், மோசம் போய்விட்டா. "தம்பிக்குச் சொல்லுங்க. இராசதுரை அண்ணனுக்கி இப்ப வேணாம். அவருக்கி இந்த மாசம் கேஸ் விசாரணையாம். மனம் குழம்பி எதையாவது பேசிப்போடுவார். முடிஞ்ச பிறகு பாப்பம்."

காலை இடைவேளையில் மாமாங்கத்தை மெஷினடியில் பிடித்து, போனில் கேட்டதை அப்படியே சொன்னேன். சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னேன். அவன் கையுறையைக் கழற்றினான். அவன் முகத்தில் ஒன்று வந்து போனது. அது என்னவென்று எனக்குத் தெரியும்; எனக்குள்ளும் அதுதான் வந்தது. தின்னட்டும். இவனும் ஒரு மாதம் தின்னட்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

"பெரியம்மா எனக்கி முட்டை அவிச்சுத் தந்து பள்ளிக்கு அனுப்புவா" என்றான். கையுறையை மாட்டிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினான். எனக்கு அவன் என்ன செய்யப்போகிறான் என்று தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் இராசதுரை வழக்கம்போல் மூலையில் தனியே இருந்து பெட்டியைத் திறந்தான். ரின்மீன் குழம்பின் மணம் எங்கள் மேசைவரை வந்தது. பிசைந்து ஒரு கவளம் எடுத்தான். மாமாங்கம் எழும்பி, மேசைகளுக்கு நடுவால் நேரே நடந்து போய், அவனுடைய கையைத் தட்டிவிட்டான். சோறு நிலத்தில் சிதறியது. அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சண்டை என்று நினைத்து போர்மன் எழும்பினான்.

"தின்னாத" என்றான் மாமாங்கம். "பெரியம்மா போயிற்றா."

இராசதுரை கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கையாலேயே தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆணென்றும் பாராமல் ஓங்கி அழுதான். மாமாங்கம் அவன் அழுது முடியும்வரை நின்றான். பிறகு சட்டையிலிருந்து அந்த விரல்களை விடுவித்தான். நிலத்தில் கிடந்த சோற்றைக் கூட்டி அள்ளினான். பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பி வந்தான்.

அந்த மாதம் முழுவதும் இருவருக்கும் துடக்கு. நான்தான் மரக்கறி சமைத்து, இரண்டு பெட்டிகளில் போட்டுக் கொண்டுபோனேன். ஒரே சட்டிச் சோறு. வேறு வேறு மேசைகளில் இருந்து சாப்பிட்டார்கள்.